பழைய டிஸ்க்கை முதல்ல கழட்டுங்க

சும்மா கிடந்த எஸ்எஸ்டியில இன்னிக்கு விண்டோஸ் 11 போட்டேன்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பழைய ஹார்ட் டிஸ்க் கேபிளைக் கழட்டிட்டேன். இதை மட்டும் யாரும் விட்டுடாதீங்க.

ரெண்டும் மாட்டியிருந்தா, விண்டோஸ் புது டிரைவ்ல ஏறினாலும் பூட் ஃபைலைப் பழைய டிஸ்க்குலயே எழுதிடலாம். அப்புறம் பழசைக் கழட்டினா புதுசும் எழாது. முன்னாடியே கழட்டிட்டா, தப்பான டிஸ்க்கை ஃபார்மட் பண்ற பயமும் இல்ல.

பழைய டிஸ்க்குல பிட்லாக்கர் பூட்டு இருந்தா 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி வச்சுக்கோங்க. அது இல்லாம ஃபைலைத் திறக்க முடியாமப் போயிடலாம்.

முடிஞ்சதும் பழசை மாட்டினேன்.
பாட்டி பேசின வீடியோ, அப்பாவோட கடிதங்கள், எல்லாம் அப்படியே இருக்கு.
மனசு நெறஞ்சுபோச்சு.

இப்போ அதுக்கெல்லாம் இன்னொரு காப்பி ஓடிட்டு இருக்கு.
உங்க வீட்டுப் படங்கள் எத்தனை இடத்துல இருக்கு?