கொச்சிக்காய்த் தூளும் உம்மாவின் கவலையும்

இரத்தினபுரி மழையைப் பற்றி நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கும் மேல் பெய்கிற ஊர். சுவரே வியர்க்கிற வீடுகள் நம்முடையவை.

2022 இல் சாமான் விலை ஏறியபோது, இன்னும் ஏறும் என்ற பயத்தில் கொச்சிக்காய் வாங்கி, மில்லில் இரண்டு கிலோ அரைத்து வைத்தோம். மழைக் காலத்தில் ஒரு நாள் போத்தலைத் திறந்தால் தூள் கட்டிபட்டு, ஓரத்தில் பூஞ்சணம்.

"மேலால அள்ளி எறிஞ்சிட்டு வறுத்து எடுப்பம் மகன், வீண்விரயம் கூடாது" என்றார் உம்மா. அந்த விலைக்கு வாங்கியதை எறிய எங்களுக்கும் மனம் வரவில்லை.

ஆனாலும் எறிந்தோம். கொச்சிக்காயில் பிடிக்கும் சில பூஞ்சணங்கள் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் முழுதாகப் போகாது.

இப்போது மிளகு, கறுவா, கராம்பு எல்லாம் முழுதாகவே வைக்கிறோம். ஈரம் படாவிட்டால் மூன்று வருடமும் தாங்கும். தூளை மாதத்துக்கு அளவாக மட்டும் அரைக்கிறோம். கொதிக்கிற சட்டிக்கு மேலே போத்தலைக் கவிழ்ப்பதில்லை, ஆவி உள்ளே போகும். ஈரக் கரண்டியும் போடுவதில்லை. மணம் மட்டும் குறைந்த தூள் என்றால் பயமில்லை, கொஞ்சம் கூடப் போட்டால் சரி. பூத்ததை மட்டும் சமைக்க வேண்டாம்.

சம்பள நாளில் மொத்தமாகச் சாமான் வாங்கும் தோட்டத்துப் பெற்றோருக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி அனுப்புகிறோம்.

உம்மா இப்போது சொல்வது: "எறிஞ்சது இல்ல மகன், அளவுக்கு மிஞ்சி அரைச்சதுதான் வீண்விரயம்."