எட்டு கன அடி

மரம் விழுந்த மறுநாள் காலையில் மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "பலா ஆச்சே, நல்ல விலைக்குப் போகுமே?" நாற்பத்தைந்து வருஷம் கொல்லையில் நின்ற மரம் என்ன விலை பெறும் என்று எங்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. அதற்கப்புறம் ஒரு மாதம் வேறெதுவும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

2021 மே 17. டவ்தே புயல் மும்பையை உரசிக்கொண்டு குஜராத்துக்குப் போன நாள். கொலாபாவில் காற்று மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டியது. ஊர் முழுக்க மரங்கள் சாய்ந்தன. செம்பூரில் எங்கள் பலா முழுசாக விழக்கூட இல்லை. பாதி வேர் வெளியே தெரிய, காம்பவுண்டுச் சுவரில் தோளைச் சாய்த்து நின்றது, லோக்கல் ரயிலில் நின்றபடியே தூங்குகிறவரைப் போல.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் குடியேறியவர். பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர். கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவில் இடிக்கும். 1975-இல் செம்பூரில் பழைய கட்டடம் ஒன்றின் தரைத்தளத்துக்குக் குடிவந்தபோது அவர் ஹாலைப் பார்க்கவில்லை, அடுப்படியைப் பார்க்கவில்லை. நேரே பின்கதவைத் திறந்து, குனிந்து மண்ணை அள்ளிப் பார்த்தாராம். அம்மா சொல்லுவாள். அடுத்த வருஷம் மே மாதம் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய பழத்தின் கொட்டைகளில் ஒன்றைக் குழம்புக்குத் தராமல் எடுத்துக்கொண்டு போய் அங்கே புதைத்தார்.

காய்க்கத் தொடங்கிய பிறகு அது எங்கள் மரமாக இருக்கவில்லை. பாலக்காட்டு மாமி சக்கவரட்டிக்காகப் பழத்துக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பாள். மராத்திக் குடும்பத்துக்கு பாஜி செய்யப் பிஞ்சு வேண்டும். மங்களூர் அக்காவுக்குப் பழமே வேண்டாம், இலை போதும். நாலு இலையை ஈர்க்கால் தைத்துத் தொன்னையாக்கி, அதில் இட்லி மாவை ஊற்றி அவித்தால் கொட்டெ கடுபு. எங்களுக்கு மிஞ்சுவது கொட்டை. அம்மா அதோடு கருவாடு சேர்த்து ஒரு குழம்பு வைப்பாள். அதை மட்டும் மாமிக்கு அனுப்ப முடியாது.

மே கடைசியில் ஏதாவதொரு பழம் மரத்திலேயே வெடித்துவிடும். அன்றைக்கு ராத்திரி பின்கதவைச் சாத்தினாலும் வாசனை சாவித் துவாரம் வழியாக வரும். இப்போது நான் இருக்கும் பதினொன்றாம் மாடியில் ஜன்னலைத் திறந்தால் வருவது மாஹுல் எண்ணெய் ஆலைப் பக்கத்துக் காற்று. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மும்பையில் சொந்தக் கொல்லை மரத்தையும் நினைத்தபடி வெட்டிவிட முடியாது. 1975-ஆம் வருஷத்து மகாராஷ்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். எப்போது விழுமோ என்றிருந்த மரம் என்பதால் அனுமதி சீக்கிரமே கிடைத்தது. கட்டடத்தில் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு கான்டிராக்டரைப் பிடித்தோம். ஊரடங்குக் காலம், ஆள் கிடைத்ததே பெரிது. மெஷின் ரம்பத்தோடு நாலு பேர் வந்தார்கள். தூக்குவதற்குத் தோதாக அடிமரத்தை மூணு மூணு அடியாகத் துண்டு போட்டார்கள். பால் ரம்பத்தில் ஒட்டிக்கொண்டபோதெல்லாம் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார்கள். நான் பக்கத்தில் நின்று அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மரத்தின் விலை போனது அந்த இரண்டு மணி நேரத்தில்தான், என் கண்ணெதிரே. எனக்குத்தான் தெரியவில்லை.

சொன்னது ஆசாரி அண்ணாச்சி. அப்பா காலத்துப் பழக்கம். தாராவியில் பட்டறை, எழுபது தாண்டியவர். ஐந்தாம் நாள் வந்து பார்த்தவர், தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, வெட்டுததுக்கு முந்தி எனக்கு ஒரு போன் போட்டா என்னவாம்?"

துண்டுகளை அடி நுனி பார்த்து வரிசையாக உருட்டி வைத்தார். மூணு, மூணு, ரெண்டு: எட்டடி. நூலை எடுத்து மரத்தைச் சுற்றிப் பிடித்தார், நாலடி. அந்த நூலை நாலாக மடித்தார், ஓரடி. "ஓரடிக்கு ஓரடி, நீளம் எட்டு. எட்டு கன அடி." உருட்டு மரத்துக்கு மரக்கடைக் கணக்கு இதுதான். பள்ளிக்கூடத்து வட்டக் கணக்கைப் போட்டால் பத்து கன அடிக்கு மேல் வருகிறது. பட்டைக்கும் ரம்பத்துக்கும் போவதை முதலிலேயே தள்ளிவிடுகிறார்கள்.

"அப்ப ஒரு கட்டில் ஆகுமா அண்ணாச்சி?"

"எட்டடி ஒத்தத் துண்டா இருந்தா ஆகும். கட்டில் சட்டத்துக்கே ஆறேகால் அடி வேணும். மூணடிய வச்சு என்ன செய்ய?"

வெட்டுமுகத்தைக் காட்டினார். ஓரம் முழுக்க இரண்டு அங்குலத்துக்கு வெளிறு, உள்ளே வைரம். சுளையின் அதே மஞ்சள். வெளிறில் வண்டு விழும், வைரத்தைக் கறையான் அண்டாது என்றார். உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் தொல்காப்பியம் பிரிப்பது நினைவுக்கு வந்தது. அதன்படி எங்கள் தெருமுனைத் தென்னை புல். அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை, விரல் நகத்தால் வெடிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்து நாளில் ஏழு வெடிப்பு. ஈரம் பக்கவாட்டில் மெல்லத்தான் போகும், வெட்டிய முனை வழியாகத்தான் வேகமாகப் போகும். அதனால் முனையிலிருந்து பிளக்கும். வெட்டிய அன்றைக்கே இரண்டு முனையிலும் பெயின்ட் அப்பியிருக்க வேண்டும். அப்புறம் பலகையாக அறுத்து, ஓர் அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் என்று நிழலில் காயவிட வேண்டும்.

இரண்டாவது துண்டின் மேல்முகத்தில் ஒரு கறுப்புக் கறை. தொட்டுப் பார்த்து, "உள்ள இரும்பு கெடக்கு" என்றார். 1982-இல் அம்மாவுக்குத் துணி உலர்த்தக் கொடி கட்ட அப்பா அடித்த ஆணி. அடித்த ஆணி மரத்தோடு மேலே ஏறாது. மரம் நுனியில்தான் உயரம் போடும். அம்மா கைக்கு எட்டிய அதே உயரத்தில் நின்றபடியே, மரம் பருக்கப் பருக்க அது ஐந்து அங்குலம் உள்ளே போயிருந்தது.

ரே ரோடில் ஒரு மர அறுப்பு ஆலைக்குப் போன் போட்டேன். வீட்டு மரம் என்றதுமே அவர் கேட்டது "கீல் ஹை க்யா?" ஒரே ஒரு ஆணி பட்டால் பட்டை ரம்பம் போய்விடும், ஒற்றை மரத்துக்காக அந்த ஆபத்தை யாரும் எடுக்க மாட்டார்கள். பலாவுக்கு விலை உண்டு, நல்ல விலையே உண்டு. ஆணி அடித்த, துண்டு போட்ட, ஒற்றைக் கொல்லை மரத்துக்கு டெம்போ வாடகைகூடத் தேறாது.

ஜூனில் மழை பிடித்தது. துண்டுகளிலிருந்து மஞ்சள் தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடியது. பலாச் சீவலைக் கொதிக்கவைத்து புத்த பிக்குகள் சீவரத்துக்குச் சாயம் ஏற்றுவார்கள் என்று படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அது கால்மிதிக்கு ஏறியது.

கேள்விப்பட்டு மாட்டுங்காவிலிருந்து ஒரு மிருதங்க வாத்தியார் வந்தார். கட்டிலுக்குத்தானே மூணடி போதாது, மிருதங்கத்துக்கு இரண்டடி சொச்சம் போதுமே! தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாதான். பண்ருட்டிக் கட்டைக்குப் பேர் அதிகம். வாத்தியார் வெயிலில் குத்தவைத்து உட்கார்ந்து விரலை மடக்கித் தட்டினார், காதை வைத்தார், மறுபடி தட்டினார். அம்மா அவருக்கு மோர் கொண்டுவந்து நின்றாள்.

"நாதம் இருக்கு சார். வைரம்தான் பத்தலை. வயித்துப் பக்கம் கடையறச்சே வெளிறு வந்துடும். இன்னும் ஒரு பத்து வருஷம் நின்னிருந்தா..."

மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

மழை முடிந்ததும் பாவ் சுடும் பேக்கரிக்காரர் ஒருவர் விறகு விலைக்கு எடுத்துப்போனார். எட்டு கன அடியில் ஐந்து பாவ் ஆனது. செம்பூரில் யாரோ வடையை வைத்துத் தின்றிருப்பார்கள். ஆணி இருந்த துண்டை மட்டும் அண்ணாச்சி தாராவிக்குக் கொண்டுபோய்க் கைரம்பத்தால் அறுத்து, இரண்டு வருஷம் போட்டுவைத்து, ஒரு மணை செய்து கொடுத்தார். ஆணித் துளையை அடைக்கட்டுமா என்று கேட்டதற்கு அம்மா வேண்டாமென்றாள். வந்தபோது சுளை நிறம். இப்போது பனங்கருப்பட்டி நிறத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அம்மாவால் அதில் உட்கார முடிவதில்லை, முட்டிவலி. கால் வைத்துக்கொள்கிறாள்.

பழைய கட்டடம் ரீடெவலப்மென்டில் போய்விட்டது. பலா நின்ற இடத்தில் காரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் இயந்திரம் நிற்கிறது.

கொல்லையில் பலாவோ மாவோ வைத்திருப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டும்படி ஆகிவிட்டால், ரம்பம் வருவதற்கு முன்னால் ஆசாரி வரட்டும். அடிமரத்தை ஏழடிக்குக் குறைத்து வெட்ட விடாதீர்கள். முனைக்கு அன்றைக்கே பெயின்ட் அடியுங்கள். கொடி கட்டவேண்டுமானால் ஆணியைச் சுவரில் அடியுங்கள். எங்கள் ஆணி அம்மாவின் பொத்தான் டப்பாவில் இருக்கிறது, மூணு அங்குலம், வளையவே இல்லை.