சுவத்துக்கும் குஷ்டம் வருமா?

1/
பைபிளை யார் வேணும்னாலும் வாசிக்கலாம். ஆனா எப்படி வாசிக்கிறோம்ங்கிறது சில நேரம் பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க மானத்தையே பாதிக்கும். நீங்க எந்த மதமா இருந்தாலும் இந்த இழை உங்களுக்கும்தான். கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

2/
முதல்ல ஒரு ஊர்க்கதை. 1761-ல ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரங்ககிட்ட இருந்து புதுச்சேரியைப் பிடிச்சப்போ, இங்க இருந்த அச்சு இயந்திரத்தையும் சென்னைக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அது வேப்பேரியில ஃபப்ரீசியுஸ் என்ற ஜெர்மன் மிஷனரி கைக்கு வந்தது. அவர் மொழிபெயர்த்த தமிழ் புதிய ஏற்பாடு பிறகு அந்த வேப்பேரி அச்சகத்துலதான் அச்சாச்சு.

3/
ஆனா நம்ம ஊர் கிறிஸ்தவங்கள்ல பெரும்பாலானவங்க கத்தோலிக்கர். அவங்க வீடுகள்ல பைபிளை எடுத்து வாசிக்கிற வழக்கம் ரொம்ப காலம் குறைவு. ஜெபமாலை, ஜெபப் புத்தகம், லத்தீன் பூசை. 1965-ல இரண்டாம் வத்திக்கான் சங்கம், வேதம் எல்லா விசுவாசிகளுக்கும் தாராளமா கிடைக்கணும்னு அறிவிச்சது. 1995-ல 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு வந்தது. இன்னிக்கு தெருவுக்குத் தெரு அன்பியம். பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் ஒரு வீட்ல கூடி, வாசிச்சு, பேசி, ஜெபிச்சு, டீ குடிச்சுட்டுக் கலையும்.

4/
எங்க அன்பியத்துல பழைய ஏற்பாட்டை வரிசையா வாசிக்க ஆரம்பிச்சோம். ஒரு வாரம் லேவியர் 13. தொழுநோயாளி கிழிஞ்ச துணியோட, 'தீட்டு, தீட்டு'ன்னு கத்திக்கிட்டு, பாளையத்துக்கு வெளியே தனியா இருக்கணும்னு சொல்ற 45, 46-ம் வசனங்களை ஒருத்தர் உரக்க வாசிச்சார். "பாவம்தான் தொழுநோய்"னு பேச்சு சூடு பிடிச்சது.

5/
அந்தக் கூட்டத்துல ஒரு அக்கா இருந்தாங்க. கையிலயும் உதட்டோரத்துலயும் வெண்புள்ளி. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) யாரும் அவங்களைப் பார்த்து எதுவும் சொல்லல. ஆனா எல்லாரும் அவங்களைப் பார்க்காம இருக்க முயற்சி பண்ணினது தெரிஞ்சுது. அடுத்த வாரம் அவங்க வரல. அதுக்கடுத்த வாரமும் வரல.

6/
திருப்பத்தைக் கொண்டுவந்தது நானும் இல்ல, சாமியாரும் இல்ல. எழுபது வயசு தாண்டின ஒரு பாட்டி. வீட்ல கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முழுசா வாசிச்சுட்டு வந்திருக்காங்க. "டாக்டர் தம்பி, இதுல துணிக்கும் குஷ்டம்னு போட்டிருக்கு. அடுத்த அதிகாரத்துல வீட்டுச் சுவத்துக்கும் போட்டிருக்கு. சுவத்துக்கு எப்படிப்பா குஷ்டம் வரும்?"

7/
வராது. அதுதான் பதில். எபிரேய மூலத்துல இருக்கிற சொல் 'சாராஅத்'. தோல்ல வர்ற பலவிதமான மாற்றம், துணியில பூஞ்சை மாதிரி வர்ற கறை, சுவத்துல படர்ற கறை எல்லாத்துக்கும் அந்த ஒரே சொல். கிரேக்கத்துல 'லெப்ரா'ன்னு போச்சு. தமிழ்ல முதல்ல 'குஷ்டரோகம்', அப்புறம் 'தொழுநோய்'. ஒரு மொழியில இருந்து இன்னொரு மொழிக்குப் போகப் போக, பல விஷயங்களுக்கான சொல் ஒரே நோயோட பேரா சுருங்கிடுச்சு.

8/
மருத்துவமா பார்த்தா, தொழுநோய் ஒரு பாக்டீரியாவால வருது. 1873-ல ஹான்சன் கண்டுபிடிச்சார். முக்கியமான அடையாளம், தேமல்ல உணர்ச்சி மரத்துப்போறது. லேவியர் 13-ல நிறம், முடி, புண்ணு எல்லாம் பேசுறாங்க, உணர்ச்சி பத்தி ஒரு வார்த்தை இல்ல. வெண்புள்ளி வேற கதை: தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்கள் அழியுறது. தொத்தாது. தமிழ்ல நாம அதை 'வெண்குஷ்டம்'னு சொல்லிச் சொல்லியே எத்தனை பேர் கல்யாணத்தைக் கெடுத்திருக்கோம்! அதே குழப்பத்தை நம்ம வாயாலயும் பண்ணியிருக்கோம்.

9/
இன்னொன்னு. அதே அதிகாரம் 38, 39-ம் வசனங்கள். ஆணுக்கோ பெண்ணுக்கோ தோல்ல மங்கலான வெள்ளைத் தழும்பு இருந்தா, அது வெறும் தோல் படை, அவங்க தீட்டில்லாதவங்கன்னு தெளிவா சொல்லுது. நாங்க விவாதிச்ச வசனத்துக்கு ஆறே வசனம் முன்னாடி! ரெண்டு வசனத்தைப் பிடிச்சுக்கிட்டு அதிகாரத்தை விட்டுட்டோம்.

10/
அன்னிக்கு மாற்கு முதல் அதிகாரத்தையும் சேர்த்து வாசிச்சோம். தொழுநோயாளியை இயேசு குணமாக்குறார். ஆனா அதுக்கு முன்னாடி கையை நீட்டித் தொடுறார். கூட்டத்துல கொஞ்ச நேரம் யாரும் பேசல.

11/
பாட்டி மறுநாள் அந்த அக்கா வீட்டுக்கே போய் 38-ம் வசனத்தை விரல் வச்சுக் காட்டியிருக்காங்க. அக்கா திரும்ப வந்தாங்க. எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். இன்னும் வாசல் பக்கம்தான் உக்காருறாங்க. அந்த ரெண்டு வாரத்தை அவங்க மறக்கணும்னு கேக்க எங்களுக்கு உரிமை இல்ல.

12/
குழுவா வாசிக்கிறவங்களுக்கு:
• முன்னும் பின்னும் வாசிங்க, முடிஞ்சா முழு அதிகாரமும்.
• யாருக்கு, எந்தச் சூழல்ல சொன்னதுன்னு கேளுங்க. 'வயித்துக்காகக் கொஞ்சம் திராட்சை ரசம்'னு பவுல் எழுதினது அடிக்கடி உடம்பு சரியில்லாத திமொத்தேயுவுக்கு. ஈரல் கெட்டுப்போய் எங்க வார்டுல படுத்திருக்கிறவருக்கு இல்ல.
• ரெண்டு மொழிபெயர்ப்பை ஒப்பிடுங்க.
• 'அசட்டுக் கேள்வி'ன்னு யாரையும் அடக்காதீங்க.
• வசனத்தை இன்னொருத்தர் உடம்பு மேல வைக்காதீங்க.

13/
"ஜெபம் போதும், மாத்திரை வேணாம்"னு யாராவது சொன்னா, திருவிவிலியத்துல சீராக் 38 எடுத்துக் காட்டுங்க. மருந்தைப் படைச்சதே கடவுள்தான், ஜெபமும் பண்ணு, மருத்துவருக்கும் இடம் கொடுன்னு அங்க இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச அதிகாரம், காரணம் சொல்லத் தேவையில்ல.

14/
கடைசியா, டாக்டரா ஒரு வார்த்தை. உடம்புல உணர்ச்சி மரத்த தேமல் இருந்தா மறைக்காதீங்க. அரசு மருத்துவமனைக்கு வாங்க. தொழுநோய்க்கு கூட்டு மருந்து இலவசம். வகையைப் பொறுத்து 6 மாசம் இல்ல 12 மாசம். முழுசா குணமாகும். யாரும் ஊருக்கு வெளியே இருக்க வேணாம்.