வியன்னாவில் குடியிருந்த காலம்

பிள்ளைகள் ஐரோப்பாவில் வேலை பார்க்கும் வீடுகளில் ‘தொண்ணூறு நாள்’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஷெங்கன் விசாவில் எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாள்தான் தங்கலாம். பெற்றோர் பெரும்பாலும் அந்த முழுக் கணக்குக்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். போன பிறகு அந்த நாட்கள் எப்படிக் கழிகின்றன என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சமையல், குழந்தையைப் பார்த்துக்கொள்வது, சனிக்கிழமை எப்போது வரும், மருமகன் எங்கே அழைத்துப் போவார் என்ற காத்திருப்பு. இடையில் ஒரு வாரம் சுற்றுலா பஸ்ஸில் நாலைந்து நாடு. ஊருக்குத் திரும்பியதும், “அங்கே என்ன இருக்கு, ஒரே குளிர், பேச ஆள் கிடையாது” என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எதைத் தேடிப் போகலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வியன்னாவில் மகள் வீட்டில் விசா அனுமதித்த காலம் முழுவதும் இருந்தவள் நான். பேத்தியைக் காலையில் கிண்டர்கார்டனில் விட்டுவிட்டால் மதியம் வரை நேரம் என்னுடையது. அந்த நேரத்தை வைத்துக்கொண்டு நான் கண்டது இதுதான்: ஒரு ஊர் வந்து போகிறவர்களுக்கென்று வைத்திருப்பது வேறு, தன் சொந்த ஜனங்களுக்கென்று செய்து வைத்திருப்பது வேறு. நெடுநாள் தங்குகிறவர்கள் இந்த இரண்டாவதில்தான் கை வைக்க வேண்டும். ஷோன்ப்ருன் அரண்மனையை ஒருமுறை பார்த்தேன். அழகுதான். ஒருமுறை போதும்.

முதலில் வாங்க வேண்டியது டிராம், பஸ், மெட்ரோ எல்லாவற்றுக்கும் செல்லும் மாதச் சீட்டு. பொதுப் போக்குவரத்தை வியன்னாக்காரர்கள் எவ்வளவு பெரிய விஷயமாக நினைக்கிறார்கள் என்பதற்கு ஒரு சான்று: 2012இல் ஆண்டுச் சீட்டின் விலையைக் கூட்டாமல், 365 யூரோவாகக் குறைத்தார்கள். நாளுக்கு ஒரு யூரோ. பல வருடம் அதே விலையில் வைத்திருந்து, அண்மையில்தான் ஏற்றியிருக்கிறார்கள். மெட்ரோ நிலையங்களில் சீட்டைக் காட்டித் திறக்கும் கதவுகள் கிடையாது. நேராக உள்ளே நடக்கலாம். பரிசோதகர்கள் எப்போதாவது வருவார்கள், அவ்வளவுதான். சீட்டு பையில் இருந்தால் எதில் ஏறினோம், எங்கே இறங்குகிறோம் என்ற கவலையே வேண்டாம்.

D என்று பெயர் போட்ட டிராம் எனக்குப் பிடித்துப்போனது. நகரத்தின் பழைய கோட்டைச் சுவரை இடிக்க 1857இல் பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃப் உத்தரவிட்டார். சுவர் இருந்த இடத்தில் ரிங் என்ற அகன்ற சாலை போட்டு 1865இல் திறந்தார்கள். டிராம் அந்தச் சாலையில் ஓபரா, நாடாளுமன்றம், நகர மன்றம் என்று போய், பிறகு சாதாரணக் குடியிருப்புத் தெருக்களில் புகுந்து, கடைசியில் நுஸ்டோர்ஃப் என்ற இடத்தில் நிற்கும். இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் மேட்டில் ஏறினால் திராட்சைத் தோட்டம். இருபது லட்சம் பேர் வாழும் தலைநகரத்தின் எல்லைக்குள் திராட்சை விளைகிறது. அறுவடைக் காலத்தில் தோட்டக்காரர்கள் தலையில் குல்லாயும் கையில் கத்தரிக்கோலுமாகக் குனிந்து நிற்பதை வழியோரத்திலிருந்தே பார்க்கலாம்.

இரண்டாவது, ஒரு மியூசியத்தின் ஆண்டுச் சீட்டு. சில மாதமே இருக்கப் போகிறவருக்கு ஆண்டுச் சீட்டா என்று மகளே கேட்டாள். கணக்குப் பார்த்தால் சில தடவை போனாலே கட்டுப்படியாகிவிடும். ஆனால் நான் வாங்கச் சொல்வது காசு மிச்சத்துக்காக அல்ல. ஒரு நாள் சீட்டு வாங்கியவர் எல்லா அறைகளையும் பார்த்தே தீர வேண்டும் என்று ஓடுவார்; கால் வலிதான் மிஞ்சும். ஆண்டுச் சீட்டு வைத்திருப்பவர் ஒரே ஓர் ஓவியத்தைப் பார்த்துவிட்டு அரை மணியில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

1891இல் திறந்த கலை வரலாற்று மியூசியத்தில் பீட்டர் புரூகலின் ஓவியங்களுக்கென்று ஒரு கூடம் இருக்கிறது. உலகில் வேறெங்கும் அவருடைய ஓவியங்கள் இத்தனை ஒரே இடத்தில் இல்லை. அங்கே ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ என்ற 1565ஆம் ஆண்டு ஓவியத்தின் எதிரே போய் உட்காருவேன். முதல் பார்வையில் மூன்று வேட்டைக்காரர்களும் சோர்ந்துபோன நாய்களும் மட்டும்தான் கண்ணில் பட்டார்கள். அடுத்த முறை, அவ்வளவு பேர் போயும் ஒருவன் தோளில் ஒற்றை நரிதான் தொங்குகிறது என்பது தெரிந்தது. பிறகொரு நாள் இடதுபக்கச் சத்திரத்தின் பெயர்ப்பலகையைக் கவனித்தேன்: ஒரு கொக்கி கழன்று, மறு கொக்கியில் கோணலாகத் தொங்குகிறது. அதற்குக் கீழே வாசலில் நெருப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார்கள். கீழே உறைந்த குளத்தில் சறுக்கி விளையாடும் பிள்ளைகள். பாலத்தின்மேல் விறகுக் கட்டு சுமந்து போகும் ஒருத்தி. அவளைப் பார்க்க எனக்குப் பல நாள் ஆயிற்று. தொலைவில் ஒரு வீட்டின் புகைபோக்கியில் தீ பிடித்திருக்கிறது. கடுகளவு மனிதர்கள் அதை அணைக்க ஓடுகிறார்கள். இத்தனையும் ஒரே பலகைக்குள். ஒருவருக்குப் பசி, ஒருவருக்கு விளையாட்டு, இன்னொருவர் வீடு எரிகிறது. நின்று பார்க்க நேரம் இருப்பவருக்குத்தான் அந்த ஊர் கண்ணுக்குத் தெரிகிறது. அவசரமாக வந்த எத்தனையோ பேர் கைப்பேசியைத் தூக்கிப் படமெடுத்துவிட்டு அடுத்த கூடத்துக்குப் போவதைப் பார்த்து, கையைப் பிடித்து உட்கார வைக்கலாமா என்றுகூட இருந்தது.

மூன்றாவது, ஓபரா. அரசு ஓபராவில் நின்றபடி பார்ப்பதற்கென்றே 400க்கும் மேற்பட்ட இடங்கள் உண்டு. விலை குறைவு. முன்பெல்லாம் உள்ளே போனதும் கம்பியில் ஒரு துண்டையோ கழுத்துச் சால்வையையோ கட்டி இடம் பிடிப்பார்களாம். அதை யாரும் தொட மாட்டார்களாம். பாட்டின் பொருள் கண் முன்னால் சின்னத் திரையில் ஆங்கிலத்திலும் ஓடும். முழங்கால் ஒத்துழைப்பவர்கள் கட்டாயம் போக வேண்டும். முதல் அங்கம் முடிந்ததும் கிளம்பினாலும் ஒன்றும் நஷ்டமில்லை.

நான் அதிகம் வியந்தது குழாய்த் தண்ணீரைத்தான். வியன்னாவில் யாரும் வீட்டில் தண்ணீர் கேன் வாங்கி வைப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டில் அந்த ஊரும் அழுக்குக் கிணற்றுத் தண்ணீரும் காலராவுமாக அவதிப்பட்டது. எடுவர்ட் சூஸ் என்ற நிலவியல் பேராசிரியர், ஆல்ப்ஸ் மலையின் ஊற்றிலிருந்து நேராகத் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று வாதாடினார். 1873 அக்டோபரில் முதல் தண்ணீர் வந்தபோது, ஷ்வார்ட்சன்பெர்க் சதுக்கத்தில் அதைக் கொண்டாட ஒரு நீரூற்றைத் திறந்தார்கள். 1910இல் இரண்டாவது வாய்க்கால் வந்தது. அதன் நீளம் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். மலைச் சரிவை அளந்து அளந்து போட்டிருப்பதால் மோட்டார் வைத்து இறைக்காமலே தண்ணீர் நகரத்துக்கு இறங்கிவிடுகிறது. இரண்டாவது வாய்க்காலில் மலையிலிருந்து ஊர் வந்து சேர அதற்கு ஒன்றரை நாள் ஆகுமாம். காபி ஹவுஸில் ஒரு காபி கேட்டால், சின்ன உலோகத் தட்டில் காபியோடு ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரும் வைப்பார்கள். டம்ளரின் வாய்மேல் ஸ்பூன் கவிழ்த்தபடி இருக்கும். அந்த ஒரு காபிக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து போகச் சொல்லும் வழக்கம் இல்லை. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடிய தெருவில் வளர்ந்தவள் நான். நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஒரு நகரம் தன் பிள்ளைகளுக்காக எடுத்த அந்த முடிவை எண்ணி, அந்த டம்ளரைக் கும்பிடத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் உள்ளவை போன்ற சில கடைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. காய்கறியை முன்பே வாங்கிவிட வேண்டும். ஒட்டாக்ரிங் பக்கத்துப் புரூனன்மார்க்ட் தெருச்சந்தை எனக்குச் சௌகரியம். துருக்கிக் கடைக்காரர்களிடம் வெண்டைக்காய், கத்தரிக்காய், கட்டுக் கட்டாகக் கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும். அடிக்கடி போனால் முகம் பழகி, கடைக்காரர் அம்மா என்கிற மரியாதையோடே கூப்பிடுவார். அந்த அழைப்பு ஒன்றே அன்றைய பேச்சுத்துணைக்குப் போதும்.

கடைசி வாரங்களில் ஒரு ஞாயிறு மகளையும் மருமகனையும் பேத்தியையும் நான் வெளியே அழைத்துப் போனேன். மெட்ரோவில் ஹைலிகன்ஷ்டாட் வரை. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே கார்ல் மார்க்ஸ் ஹோஃப். தொழிலாளர் குடும்பங்களுக்காக 1927 முதல் 1930 வரை நகராட்சி கட்டிய குடியிருப்பு. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், 1,382 வீடுகள். உள்ளே முற்றங்களில் புல்வெளி, மரங்கள். அந்தக் காலத்திலேயே குழந்தைகள் பள்ளி, பல் மருத்துவமனை, பொதுச் சலவைக்கூடம், நூலகம் எல்லாம் சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். 1934 பிப்ரவரி உள்நாட்டுச் சண்டையில் இந்தக் கட்டடத்தை நோக்கிப் பீரங்கியால் சுட்டார்கள். பிறகு பழுது பார்த்து, இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். இன்றைக்கும் வியன்னா நகராட்சிக்குச் சொந்தமாக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாடகை வீடுகள் உள்ளன.

அந்த ஊரின் பழைய நகராட்சிக் கட்டடங்களின் சுவரில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி பதித்திருப்பதை டிராம் ஜன்னலிலிருந்து பல இடங்களில் பார்த்திருந்தேன். என்னவென்று மருமகனைக் கேட்டேன். வேலைக்கும் வீட்டுக்குமாகவே ஓடிய வருடங்களில் அவரும் நின்று வாசித்ததில்லை. அன்று நிமிர்ந்து பார்த்து எனக்காகச் சொன்னார்: வீட்டு வரிப் பணத்திலிருந்து வியன்னா நகராட்சி இன்ன வருடத்தில் கட்டியது. 1923இல் போட்ட வரி அது; ஆடம்பர வீடுகளுக்கு அதிகம், ஏழை வீடுகளுக்குக் கொஞ்சம். யார் பணத்தில் கட்டினோம் என்பதைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய சலவைக்கூடத்தில் இப்போது அந்தக் கால வரலாற்றைச் சொல்லும் ஒரு சின்ன மியூசியம் இருக்கிறது. “இதெல்லாம் உனக்கு எப்படிம்மா தெரியும்?” என்றாள் மகள். பேத்தியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, சலவைக்கூடம் எந்தப் பக்கம் என்று அவர்களுக்கு வழி காட்டினேன்.