சித்தப்பாவின் துவக்கும் பதினைந்து நீர்க்காகங்களும்

சென்ற ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஒரு வெள்ளி இரவு சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார். அவர் அழைத்தால் வழக்கமாக மீன் கதைதான் இருக்கும். அன்றைக்கு வேறு கதை.

"தம்பி, லைசென்ஸ் வந்திட்டுது. செப்ரெம்பர் பதினைஞ்சுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை என்னோட வா. நீர்க்காகம் சுடப் போறன்."

எனக்கு உடனே பதில் வரவில்லை. சித்தப்பா குருநகர்க்காரர். துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதான் 1980களின் கடைசியில் ஊரை விட்டு வெளிக்கிட்டவர். அவர் வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் துவக்குக்கூட வாங்கிக் கொடுத்ததில்லை. அறுபது வயதில் பாதுகாப்பு வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, துவக்கு வாங்கியிருக்கிறார்.

"ஏன் சித்தப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

"அதுகள் மீனை விட்டுவைக்குதில்லை."

உங்களில் பலருக்கும் இப்படி ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருப்பார். கோடை வந்தால் விடியற்காலையில் தூண்டிலோடு போய்விடுவார். மஞ்சள் பேர்ச் மீனைப் பொரித்து, எங்கள் ஊர் மீனின் சுவை இதில் இல்லை என்று சொல்லிக்கொண்டே நாலு துண்டு சாப்பிடுவார். மீன் படாத நாளில் யாரையாவது திட்ட வேண்டும். ஒன்ராறியோ ஏரிக்கரையில் அந்தத் திட்டு முழுவதும் நீர்க்காகங்களுக்குத்தான்.

நான் கணினித் துறையில் வேலை செய்கிறேன். ஒருவர் ஏதாவது சொன்னால் தரவு எங்கே என்று கேட்பது தொழிற்பழக்கம். அன்றிரவே உட்கார்ந்து வாசித்தேன்.

ஒன்ராறியோ மாகாண அரசு 2018 இல் முதலில் முன்வைத்த திட்டத்தில், ஒருவர் ஒரு நாளைக்கு 50 நீர்க்காகங்கள் வரை சுடலாம் என்று இருந்தது. பறவையியலாளர்கள் பலர் எதிர்த்தார்கள். 2020 ஜூலையில் வந்த இறுதி விதி, செப்ரெம்பர் 15 முதல் டிசம்பர் 31 வரை ஒரு நாளைக்கு 15 என்றது. சுட்ட பறவையை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது, எடுத்து முறைப்படி அகற்ற வேண்டும். ஆனால் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2019 இல் எடுத்த கணக்கெடுப்பின்படி மாகாணத்தில் கூடு கட்டும் நீர்க்காகங்கள் குறைந்தது 143,000.

பெரிய எண்தான். ஒரு நீர்க்காகம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரைக் கிலோ மீன் தின்னும். பெருக்கிப் பார்த்தால் சித்தப்பா சொல்வது சரி போலத்தான் தெரியும்.

ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. டிடிரி என்ற பூச்சிக்கொல்லி ஏரிகளில் கலந்த காலத்தில் நீர்க்காகங்களின் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்தது. 1970களின் தொடக்கத்தில் பேரேரிகள் முழுவதிலும் நூற்றுச் சொச்சம் சோடிகள்தான் மிஞ்சின. டிடிரி கட்டுப்படுத்தப்பட்ட பிறகு பறவைகள் திரும்பி வந்தன. நாங்கள் "பெருகிவிட்டது" என்பதை இன்னொருவர் "மீண்டுவிட்டது" என்பார். இரண்டுக்கும் ஒரே வரைபடம்தான், எந்த ஆண்டிலிருந்து கோடு கீறத் தொடங்குகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

இதையெல்லாம் ஒரு அட்டவணையில் போட்டுச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "நீ எப்பவாவது ஒரு கூட்டையாவது கிட்டப் பார்த்திருக்கிறியா?" என்று மட்டும் கேட்டார்.

நான் பார்த்ததில்லை. அது எனக்குச் சுட்டது.

அந்த ஞாயிறு இரண்டு பேரும் ரொறன்ரோவின் லெஸ்லி ஸ்ட்ரீட் ஸ்பிற்றுக்குப் போனோம். நகரத்தின் கட்டட இடிபாடுகளைக் கொட்டிக் கொட்டி ஏரிக்குள் உருவாக்கிய நிலம் அது. இன்று அங்கே பல்லாயிரம் நீர்க்காகக் கூடுகள் இருக்கின்றன. பறவைகளைக் காணுமுன்பே மணம் வந்துவிடும். எச்சம் பட்டுப்பட்டு இலையே இல்லாமல் வெள்ளையாய் நிற்கும் மரங்களைப் பார்த்தபோது, "நீர்க்காகத்தால் ஒரு பாதிப்பும் இல்லை" என்று என் அட்டவணையில் எழுதிய வரியை மனதுக்குள் அழித்தேன்.

அங்கே பூங்காவைப் பராமரிக்கும் அதிகாரசபை பறவைகளைச் சுடுவதில்லை. வசந்தத்தில், முட்டையிடுமுன்பே மரங்களில் கூடு கட்டுவதைக் குழப்பி, தரையில் கூடு கட்டுமாறு திருப்புகிறார்கள். தரைக் கூடு மரத்தைக் கொல்லாது. வேறு இடத்தில் வேறு வழி. ஈரி ஏரியில் இருக்கும் மிடில் தீவின் அரிய காட்டைக் காப்பாற்ற, 2008 முதல் தேசியப் பூங்காத் துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் அந்தத் தீவில் கூடு கட்டும் பறவைகளையே சுடுகிறார்கள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லைதான். ஆனால் அங்கே ஒரு குறிப்பிட்ட காடு, ஒரு குறிப்பிட்ட கூட்டம், ஒரு அளவு இருக்கிறது. வேலை செய்ததா என்று பிறகு அளந்து பார்க்கலாம்.

இலையுதிர்கால வேட்டையில் எனக்கிருந்த சிக்கல் இதுதான். செப்ரெம்பருக்குப் பிறகு பறவைகள் கூட்டை விட்டுத் தெற்கே போகத் தொடங்கிவிடும். கரையில் நின்று சுடுபவருக்கு அது எந்தக் கூட்டத்துப் பறவை என்றே தெரியாது. மரங்களைக் கெடுக்கும் பறவையாகவும் இருக்கலாம், எங்கிருந்தோ வந்து கடந்து போகும் பறவையாகவும் இருக்கலாம். சில பறவைகள் குறைந்தால், மிஞ்சியவற்றுக்கு அடுத்த வசந்தத்தில் இடமும் இரையும் கூடுதலாகக் கிடைக்கும். கணினி மெதுவாக ஓடுகிறது என்று கண்ணில் முதலில் படும் செயலியை நிறுத்துவது போன்ற வேலை இது. ஏதோ செய்த திருப்தி கிடைக்கும், கோளாறு அங்கேயே இருக்கும்.

சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்: "சரி. அப்ப வந்து பார்."

போனேன். பயத்தோடுதான் போனேன். போகாவிட்டால் அவரோடு இனி மீன் கதை மட்டும்தான் கதைக்கலாம் என்ற பயம்.

செப்ரெம்பர் கடைசியில், குயின்ரே விரிகுடாக் கரையில் அவருடைய நண்பர் ஒருவரின் தோட்டக் காணி. குளிர். பிளாஸ்கில் தேநீர். வெளிச்சம் வந்த கொஞ்ச நேரத்தில் தண்ணீரை ஒட்டி நாலைந்து பறவைகள் தாழப் பறந்து வந்தன. இரண்டு வெடி. எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. சித்தப்பாவைப் பார்த்தேன். துவக்கை இறக்கிய அவருடைய கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

சின்னப் படகில் போய் இரண்டு பறவைகளையும் எடுத்து வந்தோம். நீர்க்காகத்தை நான் கறுப்பு என்றுதான் நினைத்திருந்தேன். கிட்டப் பார்த்தால் இறகில் வெண்கல மினுக்கம், கண் பச்சைக் கல் மாதிரி.

சித்தப்பா மீன் வெட்டும் கத்தியை எடுத்தார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. முதல் பறவையின் வயிற்றைக் கீறினார். பாதி சமித்த சின்ன மீன்கள். ஒன்று மட்டும் முழுதாக இருந்தது. அதன் முதுகுச் செட்டையில் ஒரு கறுப்புப் புள்ளி. தூண்டிலில் பட்டால் அவரே திட்டிக்கொண்டு எறியும் ரவுண்ட் கோபி. கருங்கடல் பக்கத்திலிருந்து கப்பல்களின் அடித்தண்ணீரோடு வந்து, 1990 இல் சென் கிளேயர் ஆற்றில் முதலில் அகப்பட்டு, இன்று பேரேரிகள் எங்கும் பரவியிருக்கும் மீன். பேரேரிகளின் பல இடங்களில் நீர்க்காகத்தின் முக்கிய இரையே இப்போது இதுதான்.

இரண்டாவது பறவையின் வயிற்றில் ஒரு சின்னப் பேர்ச் இருந்தது.

"ரெண்டு பேரும் சரி," என்றார் சித்தப்பா. சிரிக்கவில்லை.

இரண்டு வயிற்றை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது என்பதை நான் சொல்லவில்லை. அது அவருக்கும் தெரியும். திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் அவராகவே கதைத்தார். "ஊரில கடற்படை கடலுக்குப் போக விடேல்ல. பிறகு இழுவைப் படகு வந்து அடியோட அள்ளிக்கொண்டு போச்சு. நீர்க்காகம் அப்பவும் நின்றதுதான். ஒருத்தரும் அதைக் குற்றம் சொல்லேல்ல." கொஞ்ச நேரம் கழித்து, "இங்க வேற ஆர்ற்றை பிழை எண்டு எனக்கு விளங்கேல்ல. அதுதான் இது கண்ணில பட்டுது," என்றார்.

வீட்டில் சித்தி இரண்டு பையையும் பார்த்தார். ஒரே கேள்விதான்: "தின்னாததை ஏன் சுட்டனீங்கள்?" கறி வைத்துத் தரச் சொன்னார் சித்தப்பா. மீன் மணக்கும் காகத்தைத் தன் சட்டியில் ஏற்ற மாட்டேன் என்றார் சித்தி. கடைசியில் பறவைகள் திரும்ப அதே தோட்டக் காணிக்குப் போய்ப் புதைக்கப்பட்டன. விதி கேட்டது அவ்வளவுதான். சித்தியின் கேள்விக்கு விதியில் பதில் இல்லை.

நான் வென்றேன் என்று இதை எழுதவில்லை. சித்தப்பாவின் துவக்கு பூட்டிய பெட்டியில் இருக்கிறது. இந்த ஆண்டு லைசென்ஸைப் புதுப்பித்தும் இருக்கிறார். போவாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நானும் மாறித்தான் இருக்கிறேன். அந்த வெள்ளை மரங்களைப் பார்த்த பிறகு, "பறவைகளைத் தொடவே கூடாது" என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

ஆனால் ஒரு சொல்லைக் கேட்டால் இப்போது காது விறைக்கிறது. "கூடிப்போச்சு." வந்தன, பெருகின, எங்கள் பங்கைத் தின்கின்றன. இந்த மூன்று வசனங்களையும் பேருந்தில் எங்களைப் பார்த்தும் சிலர் சொல்லியிருக்கிறார்கள். பறவையும் மனிதரும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. யார் சொன்னாலும், எதைப் பற்றிச் சொன்னாலும், எந்த ஆண்டிலிருந்து எண்ணினீர்கள், வயிற்றைத் திறந்து பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

சித்தப்பா திறந்து பார்த்தார். என் அட்டவணையில் அந்த வரி இருக்கவில்லை.