வெறுங்கையின் வலிமை

சீட்டு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவருள் பெரும்பாலோர் முகஞ் சுளிப்பர். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. சம்பளத்தன்று லயத்தின் பின்புறம் பாய் விரித்து அமர்ந்து, பொழுது விடிவதற்குள் ஒரு மாத உழைப்பைத் தொலைத்தெழுந்தவர்களின் கதை நம் தோட்டங்களில் எத்தனையோ உண்டு. கிராணி மேசையில் உட்கார்ந்திருப்பவனாதலின், மறுநாட் காலையில் முன்பணம் கேட்டு வரும் முகங்களை நான் நன்கறிவேன். ஆனால் இங்கே நான் சொல்ல வந்த சீட்டு அதுவன்று.

என் தமக்கையின் மகன் பத்தொன்பது வயது வாலிபன். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை மாலைகளில் ஜார்ஜ் டவுனில் ஒரு கடையின் மேல்மாடியில் சீனரும் மலாய்க்காரரும் தமிழருமாகப் பத்துப் பதினைந்து இளைஞர் கூடி, ‘மேஜிக்: தி கேதரிங்’ என்னும் ஆட்டத்தை ஆடுகின்றனர். இவனுடைய கட்டு முழுவதும் நெருப்பு, மண்டையோடு, சங்கிலி, கொம்பு முளைத்த அரக்கர். காதில் எந்நேரமும் ஒலிக்கும் ஹெவி மெட்டல் சங்கீதத்துக்கு ஏற்றாற்போலவே படங்களைத் தேர்ந்திருக்கிறான். கூட்டாளிகளும் அதனை ‘மெட்டல் கட்டு’ என்றே அழைக்கிறார்கள். அக்காளுக்கு இது பொறுக்கவில்லை. “தம்பி, இவன் பிசாசுப் படங்களுக்குச் சம்பளத்தைக் கொட்டுகிறான். தாய்மாமன் நீ, பார்த்து ஒரு முடிவு சொல்லு. வேண்டாம் என்று நீ சொன்னால் அத்தனையையும் அடுப்பில் வைத்துவிடுகிறேன்” என்றார்.

பாராமல் தீர்ப்புக் கூறுவது முறையன்று. ஆகவே மூன்று சனிக்கிழமைகள் நிபோங் திபாலில் ரயிலேறி, பட்டர்வொர்த்தில் பெர்ரியில் கடந்து, அம்மாடிக்குச் சென்று அவனருகே அமர்ந்தேன்.

முதலில் பிசாசைப் பற்றி ஒரு வார்த்தை. ஹெவி மெட்டல் என்பது நரகத்திலிருந்து வந்ததன்று. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துத் தொழிற்சாலைப் புறத்திலிருந்து வந்தது. பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தட்டு 1970-இல் வெளியாயிற்று. அக்குழுவின் கிதார்க்காரர் டோனி அயோமி, பதினேழாம் வயதில் தகட்டு ஆலையில் வலக்கையின் இருவிரல் நுனிகளை இயந்திரத்துக்குப் பலி கொடுத்தவர். பிளாஸ்டிக்கை உருக்கித் தானே விரலுறை செய்து அணிந்து, பிற்பாடு தந்திகளையும் தளர்த்தி வாசித்தார். அத் தளர்ச்சியால் எழுந்த கனத்த ஓசையே அச் சங்கீதத்தின் முத்திரையாயிற்று. அரிவாளும் இயந்திரமும் விரல் கொண்ட கதையை நம் தோட்டத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. 2001-இல் நம் நாட்டில் இவ்வகைச் சங்கீதத்தைக் குறித்துப் பெருஞ் சலசலப்பு எழுந்து, மெகாடெத் குழுவின் கச்சேரியும் நடைபெறாமற் போயிற்று. அக்காளின் அச்சம் அந்நாளையது. இதற்கிடையில் சிங்கப்பூரில் 1992-இல் தோன்றிய ‘ருத்ரா’ என்னும் குழுவினர், நம் இனத்தவர், இதே இரைச்சலில் வேதாந்தம் பாடி வருகிறார்கள். அது எனக்குச் சிறிதும் ரசிக்கவில்லை. அது என் காதின் குறையாகவும் இருக்கலாம். அன்றியும், படத்தில் கொம்பு இருப்பதால் ஆடுவோனுக்குக் கொம்பு முளைப்பதில்லை.

இனி ஆட்டத்துக்கு வருவோம். ரிச்சர்ட் கார்பீல்டு என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் அமைத்து 1993-இல் வெளிவந்தது இது. ஒவ்வொருவரும் தமக்கென 60 சீட்டுகளுக்குக் குறையாத கட்டைத் தாமே தொகுத்துக் கொண்டு வர வேண்டும். ஒரே சீட்டு 4 படிகளுக்கு மேல் கூடாது. அடிப்படை நிலச்சீட்டுகளுக்கு மட்டும் அவ்வரம்பில்லை. தொடக்கத்தில் கையில் 7 சீட்டுகள். இருவர்க்கும் உயிர் 20 புள்ளிகள். ஒரு முறைக்கு ஒரு நிலம் வைக்கலாம்; நிலம் தரும் சக்தியைக் கொண்டே வீரரை இறக்குவதும் நெருப்பெறிவதும் நடைபெறும். நிலமின்றேல் வீரனும் இல்லை, நெருப்பும் இல்லை. விதையும் உரமும் குவித்து வைத்துவிட்டு நிலம் வாங்க மறந்தவன் நிலைதான்.

மருமகனின் கட்டில் நிலம் 18 மட்டுமே இருந்தது. “நிலச்சீட்டில் என்ன வீரம் இருக்கிறது, மாமா? நெருப்புத்தான் அடிக்கும்” என்றான். நான் தாளை எடுத்துக் கணக்கிட்டேன். 60-இல் 18 நிலமாயின், முதற் கையில் நிலமே இல்லாமலோ ஒன்றே ஒன்றோ வருவது 100-க்கு 31 முறை. 22 ஆயின் அது 19 முறையாகக் குறைகிறது. அத்தகைய கையைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் ஒரு சீட்டுக் குறைவோடு தொடங்க வேண்டும். முதற் சனிக்கிழமை அவன் தோற்ற நான்கு ஆட்டங்களில் மூன்று, எதிரி கையால் தோற்றவை அல்ல. சக்தியில்லாமல் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து தோற்றவை.

இக் கட்டின் உயிர்நிலை வேறோர் இடத்தில் இருக்கிறது. அதைக் கண்டபோது எனக்கு மெய்யான வியப்பு உண்டாயிற்று. 2006-இல் வெளியான ‘டிசென்ஷன்’ தொகுதியில் ‘ராக்டோஸ்’ என்னும் அரக்கன் தலைமையில் ஒரு கூட்டம் வருகிறது. நிறம் கருப்பும் சிவப்பும். இக் கூட்டத்துச் சீட்டுகள் சிலவற்றிற்கு ஒரு விசித்திர குணம்: ஆடுவோன் கையில் ஒரு சீட்டும் இல்லாதபோது அவற்றின் பலம் பெருகும். உதாரணமாக, ‘கேக்ளிங் பிளேம்ஸ்’ என்ற நெருப்புச்சீட்டு சாதாரணமாக 3 புள்ளி அழிக்கும். கை வெறுமையாயின் 5 அழிக்கும். அது கையைவிட்டுப் போன பின்னரே வேலை செய்வதால், அதுவே கையிலிருந்த கடைசிச் சீட்டாயின் 5 புள்ளியும் விழும். ஆகவே முதலில் வீசினால் சிறு நெருப்பு, கடைசியில் வீசினால் பெரு நெருப்பு. சிக்கனமாய் வாழ், கையில் மிச்சம் வை என்று பிள்ளைப் பருவமுதல் கேட்டு வளர்ந்த நமக்கு, கை காலியாவதையே பலமாக்கிய இவ்விதி முதலில் கிறுக்குத்தனமாகத் தோன்றும்.

இக் கூட்டத்துச் சீட்டுகளுள் நம் நாட்டவர் பெருமைகொள்ளத் தக்கது ஒன்று உண்டு. மலேசியரான டெர்ரி சோ, 2005-இல் லாஸ் ஏஞ்சலஸில் தேர்ந்தெடுத்த ஆட்டக்காரர்களுக்கென நடைபெற்ற ‘இன்விட்டேஷனல்’ பந்தயத்தில் முதலிடம் பெற்றார். வென்றவர் முகத்தை ஒரு சீட்டில் வரைவது அப் பந்தயத்தின் பரிசு. அவ்வாறு பிறந்ததே ‘ராக்டோஸ் ஆகர்மேஜ்’. மூன்று சக்திக்கு இறங்கும் மாயாவி. போரில் எதிரிக்கு முன்னதாக அடிப்பவன். அவனுக்கு இன்னொரு வித்தையும் உண்டு. நான் என் கையைக் காட்ட, எதிரி அதில் ஒன்றைத் தள்ளுவான். பின்பு அவன் கையைக் காட்ட, நான் ஒன்றைத் தள்ளுவேன். பார்வைக்குச் சமமான பண்டமாற்று. ஆனால் என் கை முன்னமே வெறுமையாயிருந்தால்? தள்ள என்னிடம் ஒன்றுமில்லை. இழப்பு முழுவதும் அவனுடையதே! ஒவ்வொரு முறையும் அவனுடைய மிகச் சிறந்த சீட்டு என் விருப்பப்படி போய்விடும்.

இதில் எச்சரிக்கை ஒன்று வேண்டும். வித்தையைச் செய்யும் முறையில் மாயாவி தாக்குதலுக்குப் போக முடியாது. எதிரியின் கை நிறைந்திருக்கும்போது வித்தை; கை குறைந்து உயிரும் குறைந்தபோது தாக்குதல். மருமகன் எப்போதும் தாக்கவே செய்தான். அவ்வளவேயன்றி, கையை வெறுமையாக்கும் அவசரத்தில் வீரர் அனைவரையும் ஒருங்கே களத்தில் இறக்கிவிட்டான். எதிரே இருந்த சீன இளைஞர் அமைதியாக ‘ராத் ஆப் காட்’ என்னும் சீட்டை வைத்தார். நான்கு சக்திதான், களத்திலுள்ள வீரர் அத்தனை பேரும் ஒழிந்தனர். கடவுளின் கோபம் என்று பெயர் சூட்டியிருப்பினும், அதை வருவித்துக் கொண்டது இவன் ஆத்திரமே. கையும் வெறுமை, களமும் வெறுமை. இது பலமன்று, ஓட்டாண்டித்தனம்.

ஆதலின் நான் கண்ட உபாயம் இது: களத்தில் இரண்டு மூன்று வீரர் போதும், கையைக் குறைக்கும் வேலையை நெருப்புச்சீட்டுகளிடம் விட வேண்டும். எதிரியின் வீரன்மீதோ உயிர்மீதோ எறிந்த நெருப்பு தன் பயனைத் தந்து முடிந்துவிடுகிறது. பின்னால் எந்தக் கோபமும் அதைத் திரும்பப் பறிக்க இயலாது. வெறுங்கை பலமாவது, கையைவிட்டுப் போனவை யாவும் வேலை செய்து போயிருந்தால் மாத்திரமே.

சூதாட்டத்தைப் பற்றிய அக்காளின் கேள்விக்கு இன்னும் விடை கூறவில்லை. ஆட்டம் சூதன்று, அம்மாடியில் ஒரு வெள்ளியும் பந்தயமாகக் கைமாறியதை நான் காணவில்லை. ஆனால் சூது அக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. சீட்டுகள் மூடிய பொதிகளாக விற்கப்படுகின்றன. உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. டிசென்ஷன் பொதி ஒன்றில் 15 சீட்டுகள், அவற்றுள் அரிய வகை ஒன்று. அத் தொகுதியில் அரிய வகை மொத்தம் 60. டெர்ரி சோவின் முகம் வேண்டுமென்று பொதி பிரித்தால், சராசரியில் 60 பொதிக்கு ஒரு முறை கிட்டும்; நான்கு படிகளுக்கு 240 பொதி! வேண்டிய சீட்டைத் தனியே விலை பேசி வாங்கினால் அச் செலவில் மிகச் சிறு பங்கே ஆகும். மருமகனின் சம்பளத்தைத் தின்றவை அரக்கர் படங்களல்ல, பொதியைக் கிழிக்கும் அந்த ஒரு கணத்து ஆசைதான். அவன் அறையில் கிழிந்த உறைகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன.

அக்காளிடம் இவ்வளவும் சொன்னேன். படங்களைப் பற்றிய என் சமாதானத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. 240 என்ற கணக்கை மட்டும் இருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். முடிவில், பொதி வாங்குவதில்லை என்ற உடன்பாட்டின் பேரில் கட்டு அடுப்புக்குத் தப்பியது.

நிலத்தை 22 ஆக்குவதற்கு மருமகன் நான்கு சீட்டுகளைக் கழிக்க வேண்டியிருந்தது. மூன்றை எடுத்துவிட்டான். நான்காவதாக நான் காட்டியது ‘ராக்டோஸ் பிட் டிராகன்’. கை வெறுமையாயின் இருமுறை அடிக்கும் பறவை நாகம். “இதை மட்டும் விட்டுவிடுங்கள், மாமா” என்கிறான். 21 நிலத்துக்கும் கணக்குப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.