முதலில் கல்லறை, பிறகு கோயில்

சின்னக்கானலுக்கு வருகிறவர்கள் பனியைப் பார்க்கிறார்கள், ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தைப் பார்க்கிறார்கள், அதிர்ஷ்டம் இருந்தால் (அல்லது இல்லாவிட்டால்) யானையையும் பார்க்கிறார்கள். 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் இந்த ஊருக்கு நாடு தழுவிய புகழ் தேடித் தந்தது. அரிசிக்காகப் பன்னியாறு எஸ்டேட் ரேஷன் கடையைத் திரும்பத் திரும்ப இடித்த யானை அது. அந்த அரிசிக்கு அட்டையோடு வரிசையில் நின்றவர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை.

அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து மலையேற்றிய குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறை. 1956ல் மாநில எல்லைகள் மாறியபோது இவர்கள் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு கேரளத்துக்காரர்கள் ஆனார்கள்.

எஸ்டேட்டில் எல்லாமே கம்பெனியுடையது. லயத்து வீடு, சாலை, ஆஸ்பத்திரி, வேலைக்குப் பேர் கொடுக்கும் மஸ்டர் கொட்டகை எல்லாமே. தொழிலாளி தன் கையால் எழுப்பி, தன் காசில் வெள்ளையடித்து, தன்னுடையது என்று சொல்லிக்கொள்வது அநேகமாக ஒன்றைத்தான்: லயத்தின் மேட்டில் நிற்கும் மாரியம்மன் கோயில் அல்லது மாதா கோயில். (கிறிஸ்தவர்களும் 'கோயில்' என்றே சொல்கிறார்கள்.) அது நிற்கும் மண்கூட எஸ்டேட் நிலம்தான் என்பது வேறு விஷயம்.

துரைமார்களின் கோயிலுக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. மூணாறில் உள்ள கிறைஸ்ட் சர்ச்சின் கதை கல்லறையில் தொடங்குகிறது. 1894 டிசம்பரில், திருமணமாகி மலைக்கு வந்த சில நாட்களிலேயே, தோட்ட மேலாளர் ஹென்றி நைட்டின் மனைவி எலினர் காலராவில் இறந்தார். அவரைப் புதைத்த குன்றே இடுகாடாகி, 1910ல் அதன் அடிவாரத்தில் அஸ்திவாரம் போடப்பட்டு, மறு ஆண்டு ஆலயம் திறக்கப்பட்டது. உள்ளே பித்தளைத் தகடுகளில் தோட்டத் துரைகளின் பெயர்கள். காடு வெட்டியபோது மலேரியாவில் செத்த கூலிகளுக்குத் தகடு கிடையாது. 1898ல் ஏற்பட்ட கார்மல் மாதா ஆலயம் 2024ல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. பஜாரைச் சுற்றியுள்ள மேடுகளில் சுப்பிரமணியர் கோயிலும் பள்ளிவாசலும் இருக்கின்றன.

ஒரு கம்பெனி, ஒரு பள்ளத்தாக்கு, வரிசை வீடுகள், மேட்டில் ஒரு கோயில் - இந்த அமைப்பு உலகுக்குப் புதிதல்ல. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள ரோண்டா நிலக்கரிப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் சுமார் 150 சிற்றாலயங்கள் இருந்தன. அரசாங்கத் திருச்சபையை ஒதுக்கிவிட்டு, சுரங்கத் தொழிலாளிகள் சில்லறை சேர்த்துக் கட்டிய, அவர்களே நிர்வகித்த ஆலயங்கள். சொந்த மொழியான வெல்ஷ் அங்கேதான் பிழைத்துக் கிடந்தது. கூட்டத்தில் எழுந்து பேசவும், வரவுசெலவு பார்க்கவும், ஓட்டெடுக்கவும் தொழிலாளி அங்கேதான் கற்றான். பிறகு அதையே தொழிற்சங்கத்துக்குக் கொண்டுபோனான். 1885ல் ரோண்டாவிலிருந்து நாடாளுமன்றம் சென்ற தொழிற்சங்கத் தலைவர் வில்லியம் ஆப்ரகாம், கூட்டம் கொந்தளித்தால் பாட்டை எடுத்துவிடுவார். ஜனம் கூடச் சேர்ந்து பாடி அடங்கிவிடும்.

தேவிகுளத்துக்காரர்களுக்கு இதைக் கேட்டால் வேறொருவர் ஞாபகம் வரலாம். 1958 இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக இந்த மலைகளில் பாடித் திரிந்தவர் இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன். ரோசம்மா ஜெயித்தார். மலையாளத்தில் மேடைப் பேச்சு கேட்ட எஸ்டேட் தமிழர்களுக்கு அரசியல் தமிழில் வந்தது பாட்டாகத்தான்.

ஆனால் ரோண்டா ஆலயங்களின் மூப்பர் ஆசனத்தில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள். இங்கே சங்கங்களிலும் அப்படியே. அதனால்தான் 2015 செப்டம்பரில் மூணாறில் ஆயிரக்கணக்கான பெண்கள், போனஸ் 20 சதவிகிதத்திலிருந்து பாதியாகக் குறைக்கப்பட்டதற்கு எதிராக உட்கார்ந்தபோது, எந்தக் கொடியையும் அருகில் விடவில்லை. பெண்கள் ஒற்றுமை, மலையாளப் பத்திரிகைகளின் வாயில் 'பெம்பிளை ஒருமை' ஆயிற்று. ஒன்பது நாளில் போனஸ் கோரிக்கை வென்றது. 232 ரூபாயாக இருந்த தினக்கூலி 301 ஆனது அதற்குப் பிறகு. எந்த மூப்பர் ஆசனமும் பயிற்றுவிக்காத தலைமை அது. கொழுந்துக் காட்டிலும் கோயில் முற்றத்திலும் சேர்ந்து உட்கார்ந்த பழக்கம் மட்டும் இருந்தது.

துக்கத்திலும் இரு மலைகளுக்கும் உறவு உண்டு. 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸின் அபர்ஃபான் கிராமத்தில் சுரங்கக் கழிவு மேடு சரிந்து 116 குழந்தைகள் உட்பட 144 பேர் இறந்தார்கள். பெத்தானியா என்ற சிற்றாலயமே பிணவறை ஆனது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள், அவர்களில் நான்கு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. பலரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. ராஜமலையில் பெரிய குழிகளாகத் தோண்டி அடக்கம் செய்தார்கள்.

இதற்கு மேல் ஒப்பிடுவது கஷ்டம். ரோண்டாவின் கடைசிச் சுரங்கமான மார்டி 1990ல் மூடப்பட்டது. சிற்றாலயங்கள் பல இடிபட்டன, சில குடியிருப்புகளாகவும் கிடங்குகளாகவும் மாறின. ஆனால் சுரங்கத் தொழிலாளிகள் பலர் கட்டிடச் சங்கம் வைத்து வீட்டைச் சொந்தமாக்கியிருந்தார்கள், எனவே ஊர் மிஞ்சியது. சின்னக்கானல் பக்கம் நிலைமை தலைகீழ். கோயில் நிறைந்திருக்கிறது. தொழிலாளிக்கு 58 வயதானால் லயத்தைக் காலி செய்ய வேண்டும், மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால் தவிர. 1951ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுக்கச் சொன்னது, வேலை இருக்கும்வரை. பெட்டிமுடியில் பிழைத்த குடும்பங்களில் எட்டுக்கு குற்றியாறு பக்கம் சொந்த வீடு கிடைத்ததற்கு ஒரு மலை சரிய வேண்டியிருந்தது.

பிள்ளைகள் திருப்பூரிலும் கோவையிலும் இருக்கிறார்கள். ரிசார்ட்டுகளில் வேலை பார்ப்பவர்களும் உண்டு. ஓய்வு பெற்றவர்கள் போடி, தேவாரம் பக்கம் வாடகைக்கு இறங்குகிறார்கள். திருவிழா வந்தால் ஜீப் பிடித்து ஏறி வருகிறார்கள், யாராவது உறவுக்காரரின் லயத்தில் இரண்டு இரவு தங்கி, வரியும் கட்டிவிட்டுப் போகிறார்கள்.